கொண்டை கறுத்த கதை

என் அத்தான் ஆவுடையப்ப பிள்ளை பொய் சொல்லுகிறார். இன்று நேற்றல்ல, பல வருஷமாகச் சொல்லுகிறார். கல்யாணப் பந்தியோ, வளைகாப்போ, கருமாதியோ, எங்கே நாலு பேர் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"எங்க மச்சினன் சங்கரன் ஒரு சேவலுக்குப் பிரசவ மருந்து குடுத்தான், தெரியுமாவே?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். (வேறே என்ன செய்ய? அக்காளைக் கட்டிக் கொடுத்த வீடு.) அவர் சொல்லுவதில் முக்கால்வாசி நடந்ததுதான். நான் முட்டாள் என்பதும் அந்த முக்கால்வாசியில் சேர்த்தி, அதை மறுக்கவில்லை. அவர் விட்டுவிடுகிற கால்வாசியைப் பற்றித்தான் என் சண்டை. ஆகவே முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அது இல்லை, கட்டடமும் இல்லை. ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா நடத்தி வந்தாள். ஊரார் மிஸ்ஸியம்மா என்பார்கள். நான் மெட்ரிகுலேஷனில் தோற்று வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த காலம். அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ரைட்டர் உத்தியோகம் என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் நான் பார்த்த வேலை சேவல் மேய்ப்பது.

நாங்கள் சைவம். எங்கள் வீட்டுப் பெண்கள் மீன்காரி தெருவில் போனாலே கதவைச் சாத்துவார்கள். அந்த வீட்டுப் பையன் நான், காலையில் எழுந்து திருநீறு பூசிக்கொண்டு, சேவல் கூட்டைக் கழுவப் போனேன். எப்பேர்ப்பட்ட உத்தியோகம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேவலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு ரத்தம் நிற்காது. அப்படியே போய்விடுவார்கள். அதை நிறுத்தச் சீமையிலிருந்து எர்காட் என்று ஒரு மருந்து வரும். அங்கே ஒரு தானியக் கதிரில் பிடிக்கிற கறுப்புக் காளானை வடித்து எடுத்த கஷாயம். அது கர்ப்பப்பையை இறுக்கும், ரத்தக் குழாய்களையும் சுருக்கும். ரத்தம் நின்றுவிடும். ஆனால் கப்பலில் வெந்து, ரயிலில் வெந்து, நம்மூர் வெயிலிலும் வெந்து வந்து சேரும்போது பாதிப் புட்டிகளில் வீரியம் போயிருக்கும். பார்த்தால் தெரியாது, மோந்தாலும் தெரியாது. சேவலுக்குத்தான் தெரியும்.

சேவலின் கொண்டை முழுக்க ரத்தக் குழாய்தான். மருந்தைச் சேவலின் நெஞ்சுச் சதையில் ஊசியால் ஏற்றினால், குழாய் சுருங்கிச் சிவப்புக் கொண்டை முதலில் நீலமாகும், பிறகு கறுத்துப்போகும். கறுத்தால் அந்தப் புட்டி நல்ல புட்டி. புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி மிஸ்ஸியம்மா பிரசவ அறைக்கு அனுப்புவாள். கறுக்காவிட்டால் சாக்கடையில் ஊற்றுவாள். சேவல் அன்று முழுவதும் சுரத்தில்லாமல் நிற்கும். மறுநாள் கொண்டை சிவந்து, பழையபடி என் கையைக் கொத்தும்.

இது போதாதென்று மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு ஆராய்ச்சி இருந்தது. கொண்டையைக் கறுக்க வைக்கிற மருந்து கர்ப்பப்பையையும் அதே அளவுக்கு இறுக்குமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த முயலின் கர்ப்பப்பையில் ஒரு துண்டு எடுத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, நூலால் ஒரு துரும்போடு கட்டியிருப்பாள். துரும்பின் நுனி, புகை பிடித்த உருளை ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். தண்ணீரில் மருந்து விட்டதும் அந்தத் துண்டு தானாகச் சுருங்கும். துரும்பு உருளையில் மலை மலையாகக் கோடு இழுக்கும். உருளைக்கு விளக்குப் புகை பிடிப்பது என் வேலை. முதல் தரம் அந்தத் துண்டு அசைந்ததைப் பார்த்து நான் மயங்கி விழுந்ததில், பிடித்த புகையெல்லாம் என் சட்டையில். (விழுவதில் எனக்கு எப்போதுமே ஒரு திறமை உண்டு.) நாளாக நாளாக எனக்கும் அதில் ஒரு திமிர் வந்துவிட்டது. பிரசவத்தின் ரகசியமே என் கையில் இருப்பது போலத் திரிந்தேன்.

என் அக்கா கோமதி, முக்கூடலில் அத்தான் வீட்டில் இருந்தாள். எங்கள் அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டதால் பிரசவமும் அங்கேதான். அக்காளுக்கு முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், எல்லாரும் கைவிட்டு, எப்படியோ பிழைத்தாள். இரண்டாவது உண்டாகியிருந்தபோது நான் அவளைப் பார்க்கப் போனேன். மருந்தைப் பற்றி அளந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே சங்கரா, அந்த மருந்த எனக்குக் கொண்டா. போன தடவ எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்ப எல்லாரும் சும்மா சுத்தி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாவ. இந்தத் தடவையும் அப்படிப் பாத்துக்கிட்டு நிக்க விடாதலே."

"அத்தான் சம்மதிக்கணுமே?"

"ஒங்க அத்தான் எனக்கு மாட்டேம்பாவளா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் முடியாது. அத்தான் அக்காளை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். ஆனால் அவருடைய அம்மா இருந்தாள், பங்காளிகள் இருந்தார்கள், கிறிஸ்து வேதக்காரர் கொடுக்கிற மருந்து என்கிற பயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு வா என்று மிஸ்ஸியம்மா சொன்னதை என்னால் வாய் திறந்து சொல்லவே முடியவில்லை.

அன்று ஆற்றில் குளிக்கும்போது அத்தானிடம் மட்டும் என் உண்மையான உத்தியோகத்தைச் சொன்னேன். "ஒரு சேவல் மட்டும் கெடச்சா எல்லாருக்கும் கண்ணு முன்னால காட்டிருவேன் அத்தான். கொண்டை கறுத்துட்டுன்னா பெறகு எவன் வாயத் தொறப்பான்?" என்றேன்.

அத்தான் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "அப்படியாலே? அடுத்த தடவ வரும்போது காட்டு, பாப்போம்" என்றார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் கதையில் இது வராது.

அக்காளுக்கு மாதம் நெருங்கியதும் மிஸ்ஸியம்மா சிவப்பு நூல் கட்டிய ஒரு புட்டியை என்னிடம் கொடுத்தாள். அவள் தமிழ் வேதப்புத்தகத் தமிழ். "சங்கரன், பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்த பின்பே இதைக் குடிக்கக் கொடுக்க வேண்டும். முன்னே கொடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவச்சிக்கு இதைச் சொல்லு. புட்டியை உன் சகோதரியின் கையிலே கொடு. வேறொன்றும் செய்யாதே."

வேறொன்றும் செய்யாதே. இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்லுவாள்? சரியென்று தலையாட்டிவிட்டு, மேஜையில் இருந்த ஊசியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ரயிலேறினேன். சேரன்மாதேவியில் இறங்கி வண்டி பிடித்தேன். வழியெல்லாம் ஊசி இடுப்பில் குத்தியது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

முக்கூடல் வீட்டு முற்றத்தில் பங்காளிகள், பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் வருகிற நாளை முன்கூட்டியே எழுதியிருந்தேன், அத்தான்தான் எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காளின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், நடுவில் உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே கதவுக்குப் பின்னால். அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

நான் புட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன். ரத்தக் குழாய், கர்ப்பப்பை, முயல், உருளை ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "இப்போது ஒரு சேவல் வேண்டும்" என்றேன்.

அத்தைக்கு மூச்சே நின்றுவிட்டது.

"எந்த வீட்டுல நின்னுக்கிட்டு எதக் கேக்கெ? சேவலா? சைவப்பிள்ளை வீட்டு முத்தத்துலயா?"

"அதுக்குத் தீங்கு ஒண்ணும் இல்ல அத்தை. நான் தினமும் செய்யுத வேலைதானே."

"தினமும் செய்யுதியா?" என்று ஒரு பங்காளி இழுத்தார். "ரைட்டர் வேலைன்னு சொன்னாவ. சேவலுக்கா எழுதுதெ?"

முற்றம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அந்தச் சூட்டோடு, "சேவலக் கொண்டாங்க, பெறகு சிரிங்க!" என்று கத்தினேன்.

அத்தான் எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "புள்ள ஆசப்படுதான். தொழுவத்துல ஒண்ணு கட்டிக் கெடக்கு. ஏலே, அந்தச் செவலையப் பிடி" என்று கையைக் காட்டினார்.

அது ஆஸ்பத்திரிக் கூட்டுச் சேவல் மாதிரி இல்லை. நல்ல உயரம், நெருப்பு மாதிரி கொண்டை, காலில் ஒரு மஞ்சள் கயிறு. மஞ்சள் கயிறு ஏன் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் போதும். நான் நினைக்கவில்லை. கட்டியிருக்கிற கயிறு என்று அவிழ்த்து எறிந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது என் மோவாயைக் கொத்தியது. ரத்தம் சொட்டச் சொட்ட ஊசியைக் குத்தினேன். பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். விரலிடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். மருந்து வேலை செய்ய நேரமாகும் என்று சொன்னதும், யாரோ முறுக்குத் தட்டை எடுத்து வைத்தார்கள். சேவல் முற்றத்தில் கம்பீரமாக நடந்தது. பங்காளிகள் முறுக்குத் தின்றுகொண்டு அதன் கொண்டையைப் பார்த்தார்கள். "என்னவே, இன்னும் செகப்பாத்தானே இருக்கு?" "பைய வரும், பைய வரும்." நான் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சேவலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புட்டி கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று வேண்டாத தெய்வமில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது கொண்டையின் நுனி நீலமாயிற்று. பிறகு முழுவதும் மங்கியது. பிறகு கருநாவற்பழம் மாதிரி ஆயிற்று. சேவல் தள்ளாடிற்று, சிறகைத் தொங்கப்போட்டது, தூணோரம் சாய்ந்து கண்ணை மூடியது.

அந்த முற்றத்திலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான். கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

"பாத்தியளா! கறுத்துட்டு! நல்ல மருந்து! அக்கா ஒடம்புக்குள்ளயும் இதேதான் நடக்கும்!"

உலகத்தில் எத்தனையோ பேச்சு இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்துச் சொல்ல என்னைப் போல் ஒரு மூதியால்தான் முடியும்.

சரியாக அப்போது கொல்லைப்புறமாக வயல் காவல்காரன் வேலு வந்து நின்றான். சேவலைப் பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டு அலறினான்.

"ஐயையோ! மாடனுக்கு நேந்த சேவலுல்லா இது! கொடைக்குக் காவு குடுக்கணும்னு கயிறு கட்டி வச்சிருந்தேனே! யாரு தொட்டா?"

அவர்கள் வயலுக்குக் காவல் சுடலைமாடன். வீடு சைவமானாலும் வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் வேலு கையால் ஒரு சேவல் மாடனுக்குப் பலியாகும். அந்தச் சேவலை நான் கறுக்க வைத்துவிட்டேன். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஒரு பங்காளி வாயிலிருந்த முறுக்கைத் துப்பினார். இன்னொருவர், "கோட்டிக்காரப் பயலே, புள்ளத்தாச்சி இருக்குத வீட்டுல என்ன காரியம் பண்ணிட்டே!" என்று கையை ஓங்கினார்.

அத்தான் மட்டும் நிதானமாக வந்து என் கையிலிருந்த புட்டியை வாங்கினார். உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஏளா கோமதி, கேட்டியா? நான் சம்மதிச்சேன். மாடன் சம்மதிக்கல. இனி நான் என்ன செய்ய?"

அக்கா வெளியே வந்தாள். பங்காளிகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். "அத எங்கிட்டத் தாங்க. எனக்குன்னுல்லா அவன் கொண்டாந்தான்."

அத்தான் காதில் விழாதது போல வீட்டை ஒட்டிய படித்துறைக்குப் போய்ப் புட்டியை ஆற்றில் வீசினார். சிவப்பு நூல் ஒருமுறை மினுங்கிற்று. அக்கா நீட்டிய கை அப்படியே இருந்தது. எனக்கு வேறு எது மறந்தாலும் அந்தக் கை மறக்கவில்லை. அவள் கையில் கொடு என்றுதானே என்னிடம் சொல்லி அனுப்பினார்கள்? வாசலில் நுழைந்ததும் நேரே உள்ளே போய்க் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குப் புட்டியைக் கொடுக்கும் ஆசையைவிடக் கைதட்டு வாங்கும் ஆசை பெரிதாக இருந்தது.

அன்றே என்னை விரட்டிவிட்டார்கள். சில நாளில் அக்காளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. ரத்தம் நிற்கவில்லை. பயந்ததுதான் நடந்தது. மருத்துவச்சிக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். அப்போதுதான் அத்தான் மாடனை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார். மிஸ்ஸியம்மா வேறொரு சிவப்பு நூல் புட்டியோடு வந்தாள். வண்டியில் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்:

"ஊசியை யாரைக் கேட்டு எடுத்தாய்?"

அதோடு வேலை போயிற்று. போகவேண்டியதுதான்.

அக்கா பிழைத்தாள். ஆனால் மிஸ்ஸியம்மா வந்து சேர்வதற்குள் போன ரத்தம் போனதுதான். அதன் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. கழுநீர் மாதிரி வெளுத்த முகம் இன்றும் அப்படியே இருக்கிறது. படித்துறையிலிருந்து ஒரு குடம் தண்ணீரோடு ஏறி வர இடையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். அத்தான் கதை சொல்லும்போது இந்த மூச்சு வாங்குவது கதையில் வருவதில்லை.

சேவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் விடிந்ததும் கொண்டை சிவந்து கூரையேறிக் கூவிற்றாம். தீட்டுப்பட்ட சேவல் மாடனுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டு வேறு ஒன்றைக் காவு கொடுத்தார்கள். இது அக்கா கையால் கம்பு தின்று, கிழடாகி, தன் பாட்டுக்குச் செத்தது. இந்த விவகாரத்தில் லாபமடைந்த ஒரே ஜீவன் அதுதான். எனக்குக் கிடைத்தது 'கருங்கொண்டை மாமா' என்கிற பட்டம். முக்கூடலில் பிறந்து பேசப் பழகுகிற குழந்தைக்கு எங்கள் குடும்பத்தில் அம்மா, அப்பாவுக்கு அடுத்த வார்த்தை அதுதான்.

ஆற்றில் பேசிய பேச்சையும் அக்காளின் மூச்சு வாங்கலையும் தவிர, இதுவரை அத்தானும் சொல்லுவார். அவர் விட்டுவிடுகிற கால்வாசியில் மிச்சம் இது.

போன ஆடியில் சேரன்மாதேவி ஸ்டேஷனில் காவல்காரன் வேலுவைப் பார்த்தேன். கண் பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்து அடையாளம் கண்டான். பழைய கதை பேசினோம். பேச்சுவாக்கில் சொன்னான்:

"சேவலு எப்பவும் என் குடிசையிலதானே நிக்கும் சின்னய்யா? அன்னைக்குக் காலையில எசமான்தான் வந்து, மாடன் சேவலக் கொண்டாந்து தொழுவத்துல கட்டுன்னாவ. ஒன்னைய இங்கன காணக்கூடாது, வயலுக்குப் போ, வெயிலு சாயுத நேரத்துக்கு வான்னாவ. வந்து பாத்தா அந்தக் கோலம். எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல."

எனக்கு விளங்கிற்று. ரயிலை விட்டுவிட்டு நேரே முக்கூடல் போனேன். அத்தான் வெளியூர் போயிருந்தார். அக்காளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தொடுத்துக்கொண்டிருந்த பூவை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே. கயிறு கட்டுன சேவலு நம்ம தொழுவத்துக்கு எப்படி வரும்? மாட்டேன்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஒங்க அத்தானுக்குத் தைரியம் இல்ல. மாடனச் சொல்ல வச்சாவ."

"அப்ப ஏன் இத்தன வருஷமா வாயத் தொறக்கல?"

"யாரு கேட்டா? நீயும் கேக்கல, அவியளும் கேக்கல. சேவலத்தான் கேட்டிய."

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு முகமில்லை.

வருகிற தையில் அன்று பிறந்த பெண்ணுக்குக் கல்யாணம். பந்தலில் புதுச் சம்பந்திகள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் தொண்டையைச் செருமுவார். அவருக்கு இதை எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும்.

அத்தான், இந்தத் தடவை கதையை நீர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைசி வரைக்கும் சொல்லும். என்னை எப்படி வேண்டுமானாலும் சொல்லும். முட்டாள் என்று சொல்லும், கருங்கொண்டை என்று சொல்லும், நானே முதலில் சிரிக்கிறேன். ஆனால் தொழுவத்தைக் காட்டி "அந்தச் செவலையப் பிடி" என்றீரே, அது யாருடைய சேவல் என்று அப்போது உமக்குத் தெரியுமா, தெரியாதா? பந்தல் நடுவில், சம்பந்தி வீட்டார் முன்னால், உம்முடைய பெரிய தொண்டையாலேயே பதில் சொல்லும். எனக்குச் சொல்ல வேண்டாம். முன்வரிசையில் அக்காளை உட்கார வைக்கிறேன். அவளைப் பார்த்துச் சொல்லும்.